துணியில் கட்டினாலும் கட்டுதான்

“அவங்க நல்லதுக்குத்தான் கட்டுறோம்.”

மனிதரைக் கட்டிவைக்கிற எவரும் இதைத் தவிர வேறு காரணம் சொல்லி நான் கேட்டதில்லை. பினாங்கு கெலுகோரில் தாமான் துன் சார்டோன் பக்கம் எந்தச் சாப்பாட்டுக் கடையில் இந்தப் பேச்சை எடுத்தாலும், தே தாரேக் ஆறுவதற்குள் மூன்று தீர்ப்பு வந்துவிடும். சங்கிலி போட்டால்தான் கொடுமை, துணியால் கட்டுவது பாதுகாப்பு என்பார் ஒருவர். கையை மடக்கிக் கட்டுகிற அந்தச் சட்டையெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நம்ம ஆட்கள் அப்படிச் செய்வதில்லை என்பார் இன்னொருவர். கொஞ்சம் படித்தவர் கூட இருந்தால் மூன்றாவதும் கிடைக்கும்: ஸ்ட்ரெயிட் ஜாக்கெட் என்பது மருத்துவம் வளராத காலத்துக் கருவி, மருத்துவம் வளர்ந்ததும் தானாக ஒழிந்துவிட்டது.

மூன்றையும் மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். எழுதத் தூண்டியது என் பெரியம்மா.

அவரை விட்டிருந்த முதியோர் இல்லத்தின் பெயர் இங்கே வேண்டாம். பெரியம்மாவுக்கு அப்போது 82 வயது. தோட்டத்தில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய உடம்பு. பிள்ளைகளின் பெயர் மறந்த பிறகும் அந்த நேரம் மட்டும் மறக்கவில்லை. மூன்று மணியானால் எழுந்து வாளியைத் தேடுவார். ஒரு சனிக்கிழமை மாலை போனபோது, தொலைக்காட்சிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை. இடுப்பைச் சுற்றி ஒரு பழைய கைலி. பூப்போட்டது, நன்றாகத் துவைத்தது. முன்னாலிருந்து பார்த்தால் குளிருக்கு மடியில் போர்த்தியதுபோல்தான் இருக்கும். பின்னால் போய்ப் பார்த்தேன். நாற்காலி முதுகிலுள்ள இடைவெளியில் விட்டு இழுத்து, இரண்டு முடிச்சு. நனைந்து காய்ந்து இறுகிப்போயிருந்த முடிச்சு அது. அவிழ்ப்பதற்குள் என் கட்டைவிரல் நகம் உடைந்தது. எதனால் நனைந்தது என்பது பெரியம்மாவைத் தூக்கி நிறுத்தியபோது தெரிந்தது.

“அண்ணே, பாட்டி எழுந்து நடந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா, நீங்க எங்களைத்தானே கேப்பீங்க?” என்றார் அங்கே வேலை பார்த்த பெண். அவர் கெட்டவரில்லை. பெரியம்மாவுக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துவிடுகிறவர் அவர்தான். ராத்திரிக்கு எத்தனை பேர் வேலையில் என்று கேட்டேன். ஒருத்தர் என்றார். தங்கியிருந்தவர்கள் 26 பேர்.

இந்த 26க்கு 1 என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தச் சட்டையின் கதைக்குப் போவோம்.

படத்தில் காட்டுவதைவிட எளிமையான உடுப்பு அது. கனத்த கித்தான் துணி. திறப்பு முதுகுப் பக்கம். கைகள் இரண்டும் விரல் நுனியைத் தாண்டி நீளும், நுனி தைத்து மூடியிருக்கும். கையை மார்புக்குக் குறுக்கே மடக்கி, சட்டைக்கையின் நுனிகளை முதுகுக்கு இழுத்துக் கட்டிவிடுவார்கள். தானாகப் போட்டுக்கொள்ளவும் முடியாது, கழற்றவும் முடியாது. பெரியம்மாவின் கைலியைப் போலவே முடிச்சு முதுகில். ஸ்ட்ரெயிட் என்றால் நேரானது என்று பலர் நினைக்கிறார்கள். குறுகலானது, இறுக்கமானது என்பதே பொருள். மலாக்கா நீரிணையை வைத்துப் பினாங்கையும் மலாக்காவையும் சிங்கப்பூரையும் ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மென்ட்ஸ் என்றார்களே, அதே சொல்தான். டப்ளின் மருத்துவர் டேவிட் மக்பிரைட் 1772ல் வெளியிட்ட மருத்துவ நூலில் இந்தச் சட்டையை விவரித்திருக்கிறார். பாரிஸ் பிசெத்ர் மருத்துவமனைக்கு 1790ல் இதைத் தைத்துக் கொடுத்தவர் கில்லரே என்ற மெத்தை தைப்பவர் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள்.

வெள்ளைக்காரன் சமாசாரம் என்கிறவர்கள், தாங்கள் எந்த ஊரில் உட்கார்ந்து அதைச் சொல்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்ட் 11 அன்று இந்தத் தீவில் கொடியேற்றினார். நகரத்துக்கு மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் வந்தது. இரண்டே வருடம் கழித்து, 1788 கடைசியில், அதே மன்னருக்குப் புத்தி பேதலித்தது. ஓயாமல் பேசினார், தூங்க மறுத்தார். டிசம்பரில் பிரான்சிஸ் வில்லிஸ் என்ற பாதிரியார் மருத்துவரைக் கொண்டுவந்தார்கள். அவர் மன்னருக்கு இந்தச் சட்டையை மாட்டினார். அடங்காத வேளைகளில் நாற்காலியில் வைத்துக் கட்டினார். நம் ஜார்ஜ்டவுன், உலகத்தில் மிகப் பிரபலமான ஸ்ட்ரெயிட் ஜாக்கெட் நோயாளியின் பெயரைத் தாங்கி நிற்கிற ஊர். கொர்ன்வாலிஸ் கோட்டையைச் சுற்றிக்காட்டுகிற வழிகாட்டிகள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

1789 பிப்ரவரி, மார்ச் வாக்கில் மன்னர் தெளிந்தார். கட்டினோம், தெளிந்தார் என்று பெயரை வில்லிஸ் தட்டிக்கொண்டு போனார். அதே வில்லிஸ் 1792ல் போர்ச்சுகல் அரசி மரியாவுக்கு வைத்தியம் பார்க்கப் போனார். அரசி தெளியவே இல்லை. ஜார்ஜுக்கும் 1801ல் மறுபடி வந்தது, 1804ல் வந்தது, 1810ல் வந்தது போகவில்லை. பார்வையும் புத்தியும் இழந்து 1820ல் இறந்தார். தானாக வந்து தானாகத் தணிந்த நோய்க்குச் சட்டை பெயர் வாங்கிக்கொண்டது. நம் ஊரில் “மூணு நாள் கட்டிவெச்சோம், அடங்கிட்டான்” என்கிறார்களே, அந்தச் சாட்சியமும் இதே தரத்தது. சோர்ந்து போவதும் குணமாவதும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

சங்கிலிதான் கொடுமை, துணி கருணை என்கிற வாதத்துக்கு வயது 200க்கு மேல். பாரிஸில் மனநோயாளிகளின் சங்கிலியை அறுத்தவர் பிலிப் பினேல் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருப்போம். பிசெத்ரில் அதை முதலில் செய்தவர் உண்மையில் ழான் பத்தீஸ்த் புசேன் என்ற கண்காணிப்பாளர், வருடம் 1797. பினேல் பின்னர் பெண்களுக்கான சால்பெட்ரியேர் மருத்துவமனையில் அதைத் தொடர்ந்தார். சங்கிலி அறுந்த காட்சியைப் பின்னாளில் பெரிய ஓவியமாகவே தீட்டினார்கள். அறுத்த இடத்தில் தேவைப்பட்டவர்களுக்கு மாட்டிய கித்தான் சட்டையைப் பற்றி அந்த ஓவியம் மூச்சுவிடவில்லை. இரும்பைவிடத் துணி மேல் என்பதை நான் மறுக்கவில்லை. லண்டன் பெட்லாம் மனநலக் காப்பகத்தில் ஜேம்ஸ் நோரிஸ் என்ற அமெரிக்கக் கடற்படை வீரரைக் கழுத்திலும் உடம்பிலும் இரும்பு பூட்டிப் பத்து வருடத்துக்கு மேல் ஒரு கம்பத்தோடு பிணைத்து வைத்திருந்ததை 1814ல் கண்டுபிடித்தார்கள். அதோடு ஒப்பிட்டால் கித்தான் சட்டை வரம்தான். சட்டைக்கு மவுசு வந்ததும் அதனால்தான். இரும்பு கண்ணை உறுத்தும், யாராவது வந்து கேள்வி கேட்பார்கள். துணி உறுத்தாது. ஆண்டுக்கணக்கில் கேள்வியில்லாமல் கட்டிவைக்க வசதி.

துணி கொல்லாதா? இங்கிலாந்தின் லிங்கன் காப்பகத்தில் 1829ல் வில்லியம் ஸ்கிரிவிங்கர் என்ற நோயாளியை இரவில் சட்டை மாட்டிக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போனார்கள். காலையில் பிணமாகக் கிடந்தார். அதற்குப் பிறகு லிங்கனில் ஒரு சின்ன விதி போட்டார்கள். இந்த விஷயத்தில் இவ்வளவு முக்கியமான விதி வேறில்லை என்பது என் கருத்து. இரவில் யாரையாவது கட்டினால், அதே அறையில் ஒரு பணியாளர் விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே அந்த விதி. என்ன நடந்தது தெரியுமா? பக்கத்தில் ஆள் உட்கார்ந்ததும், கட்டவேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லாமல் போனது.

கணக்கும் இருக்கிறது. 1830ல் லிங்கனில் இருந்தவர்கள் 92 பேர். அந்த வருடம் கட்டப்பட்டவர்கள் 54 பேர். கட்டுண்டு கழிந்த நேரத்தைக் கூட்டினால் 27,000 மணி நேரத்துக்கு மேல். கட்டுகளைக் குறைக்கும் வேலையைச் சார்ல்ஸ்வொர்த் என்ற மருத்துவர் தொடங்க, இராபர்ட் கார்டினர் ஹில் என்ற இளம் அறுவை மருத்துவர் முடித்துவைத்தார். 1838ல் அந்தக் கணக்கு பூஜ்யம். எப்படி என்று கேட்டவர்களுக்கு ஹில் சொன்ன பதிலில் மந்திரம் ஏதுமில்லை: தகுந்த கட்டடம் வேண்டும், போதுமான எண்ணிக்கையில் நல்ல பணியாளர்கள் வேண்டும். மறு வருடமே ஜான் கொனோலி, ஏறத்தாழ 800 நோயாளிகள் இருந்த ஹான்வெல் காப்பகத்தில் சில மாதங்களுக்குள் கட்டுகளை ஒழித்தார். அத்தனை பெரிய இடத்தில் நடக்காது என்று பயமுறுத்தியவர்கள் நிறைய. நடந்தது.

மருத்துவம் வளர்ந்ததும் சட்டை ஒழிந்தது என்கிற படித்தவர் இந்த வருடங்களைக் கவனிக்க வேண்டும். மனநோய்க்கு முதல் உருப்படியான மருந்தான குளோர்புரோமசீனைப் பாரிஸ் சேன்த் ஆன் மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்தது 1952ல். ஹில்லும் கொனோலியும் கட்டை அவிழ்த்தது அதற்கு 110 வருடத்துக்கும் முன்னால். அவர்கள் கையில் மருந்து கிடையாது, ஆள் இருந்தார்கள். பிற்பாடு காப்பகங்களில் கூட்டம் நெரிந்து ஆள் குறைந்தபோது, கட்டுகளும் திரும்பி வந்தன. மருந்து வந்தபோதும் என்ன நடந்தது? எவ்வளவோ பேருக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்த மருந்து அது, அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் ஆள் இல்லாத இடங்களில் அதையே சட்டையாக்கினார்கள். அதற்கு இரசாயனச் சட்டை என்று பெயரே விழுந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கே தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்கிற இல்லங்களில் முடிச்சைத் தேடிப் பயனில்லை, முடிச்சு ரத்தத்தில் இருக்கிறது.

சட்டையைப் பற்றி நம் மனதில் பதிந்திருக்கிற படம், மருத்துவமனையைவிட வித்தைக்காரரிடமிருந்துதான் வந்தது. ஹூடினி 1896ல் கனடாவின் செயின்ட் ஜான் ஊரில் ஒரு காப்பகத்துக்குப் போனார். சட்டைக்குள் ஒருவர் திமிறுவதைப் பார்த்தார். அதை மேடை வித்தையாக்கினார். பிறகு உயரமான கட்டடங்களில் தலைகீழாகத் தொங்கியபடி சட்டையைக் கழற்றிக் காட்டினார், கீழே ஆயிரக்கணக்கில் கூட்டம் கைதட்டியது. மாட்டும்போதே மூச்சை இழுத்து, தசையை விறைத்து, உள்ளே இடம் விட்டுக்கொள்வது அவருடைய தொழில். நோயாளிக்கு அந்தத் தொழில் தெரியாது.

நம்ம ஆட்கள் செய்வதில்லை என்கிற பேச்சுக்கு வருகிறேன். தமிழில் அந்தச் சட்டைக்குப் பெயர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கட்டிப்போடுவது என்ற வினை இருக்கிறதே, அது போதாதா? பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ராமநாதபுரத்துப் பூர்வீகம் உள்ளவர்கள் எத்தனையோ பேர். அந்த மாவட்டத்து ஏர்வாடிக்கு, தர்காவில் வைத்தால் தெளியும் என்று எல்லா மதத்தவரும் மனநோயாளிகளைக் கூட்டிப்போவார்கள். தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. அதில் ஒன்றில், 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலியைப் போட்டவர்களிடம் காரணம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ஓடிப்போய் லாரியில் அடிபடக் கூடாது, கடலில் விழக் கூடாது, மற்றவரை அடிக்கக் கூடாது. நல்லதுக்குத்தான். பாதுகாப்புக்குப் போட்ட கட்டுதான், தப்பியிருக்கக்கூடிய தீயைச் சாவாக்கியது. சங்கிலிக்குப் பதில் கைலியாக இருந்திருந்தால் மட்டும் 28 பேரும் எழுந்து ஓடியிருப்பார்களா?

இந்தியாவில் இப்போது சட்டம் கடுமை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. ஏர்வாடியில் இன்று மருந்தும் துவா என்கிற பிரார்த்தனையும் சேர்ந்தே கிடைக்கின்றன, நல்ல மாற்றம். மலேசியாவில் 2001ல் இயற்றிய மனநலச் சட்டம் 2010ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதே 2010ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. ஒப்பந்தத்தையும் நாடு ஏற்றது. ஏற்கும்போதே, 15ஆம் பிரிவு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று எழுதிக் கொடுத்தார்கள். 15ஆம் பிரிவு என்ன தெரியுமா? சித்திரவதைக்கும் இழிவாக நடத்தப்படுவதற்கும் எதிரான பாதுகாப்பு. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2020ல் வெளியிட்ட அறிக்கை, மனநோயாளிகளைப் பிணைத்துவைக்கும் வழக்கத்தை ஏறத்தாழ 60 நாடுகளில் காட்டியது. வெள்ளைக்காரன் சமாசாரம் என்று தள்ள இடமில்லை.

சென்னையில் கீழ்ப்பாக்கம் எப்படியோ, இங்கே தஞ்சோங் ரம்புத்தான் அப்படி. 1911ல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் இன்றைய பெயர் ஹொஸ்பிட்டல் பஹாகியா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. நமக்கோ இன்னும் அந்த ஊர்ப் பெயர் ஒரு வசவு. பிள்ளை கொஞ்சம் மாறுபட்டு நடந்தாலே “தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்” என்கிறோம். அந்த வசவுக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கம் போகாமல் வீட்டின் பின்னறையிலேயே தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். வெளியே தெரியக் கூடாது என்ற பயத்தில் போட்ட தாழ்ப்பாளுக்கும் நல்லதுக்குத்தான் என்று பெயர்.

விழுந்துவிடுவார்களே என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை, அதுதான் எதிர்த்தரப்பின் நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1980களில் முதியோர் காப்பகங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேரைக் கட்டிவைத்திருந்தார்கள். 1987ல் சட்டம் வந்தது: பணியாளர் வசதிக்காக யாரையும் கட்டக் கூடாது. படிப்படியாக அது நூற்றுக்கு 5க்கும் கீழே இறங்கியது. கட்டை அவிழ்த்த இடங்களை ஆராய்ந்தபோது பலத்த காயங்கள் கூடவில்லை. காரணம் எளிது. கட்டிவைத்த காலில் வலு போய்விடுகிறது, எப்போதாவது அவிழ்த்துவிட்டால் அன்றைக்கே விழுகிறார்கள். கட்டுக்குள்ளிருந்து நழுவ முயன்று கழுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அசையாத காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வதும் உண்டு. ஹார்ட்ஃபர்ட் கூரன்ட் என்ற நாளேடு 1998ல் தேடித் தொகுத்தபோது, கட்டிவைத்தோ அமுக்கிப்பிடித்தோ தனியறையில் அடைத்தோ வைத்திருந்தபோது பத்து வருடத்தில் இறந்தவர்கள் 142 பேர் என்று கண்டது. அந்தக் கட்டுகளும் பாதுகாப்பின் பெயரில் போடப்பட்டவைதான்.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். நள்ளிரவில் பொது மருத்துவமனை அவசரப் பிரிவில், தன்னிலை இழந்த ஒருவர் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு நிற்கும்போது, எதிரில் இருக்கிற நர்ஸிடம் போய் லிங்கன் காப்பகத்துக் கதை சொல்ல முடியாது. பிடித்துத்தான் ஆகவேண்டும், சில வேளை கட்டித்தான் ஆகவேண்டும். அங்கே மருத்துவரின் உத்தரவு இருக்கட்டும், நேரம் எழுதப்படட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட உத்தரவு ஒன்று பெரியவர்களுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் செல்லாது. ஆபத்து தணிந்ததும் அவிழ்க்கப்படுகிற அந்தக் கட்டைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. என் சண்டை, கத்தரிக்கோலும் இல்லாமல் கோபமும் இல்லாமல் வாளியைத் தேடி எழுந்த ஒரு கிழவிக்குத் தினமும் விழுந்த முடிச்சோடு.

பெரியம்மாவைப் பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போட்டோம். வாசல் கதவில் ஒரு மணி. தலைமாட்டில் ஒரு சின்ன வாளி. மூன்று மணிக்கு எழுவார், வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார், கொஞ்ச நேரத்தில் அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவார். ஒருமுறை குளியலறை வாசலில் விழுந்தார், முழங்கையில் மூன்று தையல். அதை மறைக்க விரும்பவில்லை. என் மனைவியும் தங்கையும் நானும் முறைவைத்து விழித்திருந்ததால் இது முடிந்தது. எல்லாக் குடும்பத்துக்கும் முடியாது. வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று நான் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. இல்லங்கள் வேண்டும், பினாங்கில் வயதானவர்கள் பெருகப் பெருக இன்னும் நிறைய வேண்டும். ராத்திரிக்கு 26 பேருக்கு ஒருவர் என்று அவற்றை நடத்த அனுமதிப்பதா என்பதுதான் கேள்வி. கைலியை அவிழ்க்கச் சொல்லி அந்தப் பெண்ணிடம் சண்டை போட்டதற்கு நான் இன்று வருந்துகிறேன். போட்டிருக்க வேண்டிய இடம் கணக்குப் பார்க்கிற மேசை.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இல்லத்தில் இருந்தால், அடுத்தமுறை போகும்போது பழத்தையும் பிஸ்கட்டையும் கொடுத்துவிட்டு, ஒருமுறை நாற்காலியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். முடிச்சு இருந்தால், கட்டியவரைத் திட்டாதீர்கள். ராத்திரிக்கு எத்தனை பேர் வேலையில் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.